“கான் எண்டு சொல்லாதேங்கோ, மாமா”

முதலாம் நாள் – வெள்ளவத்தை

இரவு பஸ் விடியப்புறம் நாலே முக்காலுக்கே இறக்கிவிட்டது. கொழும்பின் காலி வீதியில் அந்த நேரத்திலும் ஒரு கடை திறந்திருந்தது. பிளேன் டீ ஒன்று குடித்து, வெளிச்சம் வரும்வரை அங்கேயே இருந்துவிட்டுத்தான் மருமகளின் வீட்டுக் கதவைத் தட்டினேன். கதவைத் திறந்தவள் சுகம் விசாரிக்க முதல் என் காலைத்தான் பார்த்தாள்.

“நான் சொன்ன பழைய சப்பாத்துக் கொண்டுவந்தனீங்களே மாமா?”

இவள் என் தங்கச்சியின் மகள். ஓடைகளில் என்னென்ன பூச்சி, மீன், நண்டு இருக்கிறது என்று பார்த்து, அந்த ஓடை சுகமாக இருக்கிறதா, சீக்காளியா என்று கண்டுபிடிக்கிற ஆராய்ச்சி. நான் முப்பது வருசம் உயர்தர வகுப்புக்கு விலங்கியல் படிப்பித்தவன். மேஃப்ளை என்ற பூச்சியின் அணங்கை, அதாவது தண்ணிக்குள் வாழும் அதன் இளம்பருவத்தை, கண்ணை மூடிக்கொண்டு கரும்பலகையில் கீறுவேன்: பின்னால் மூன்று வால், வயிற்றின் இரு பக்கமும் பூக்கள் (மூச்சு விடும் செவுள்கள்). உயிரோடு ஒன்றைக்கூடக் கண்டதில்லை. எங்கே காண்பது? யாழ்ப்பாணம், ஆறில்லாத ஊர் என்று பழமொழியிடமே திட்டு வாங்கிய இடம். நிற்கிற தண்ணிக்கு எங்களிடம் குளம், குட்டை, கேணி, துரவு, மடு, மோட்டை என்று எத்தனையோ பேர் இருக்கிறது. ஓடுகிற தண்ணி என்றால் வழுக்கியாறு ஒன்றுதான். அதுவும் மாரியில் தெல்லிப்பழைப் பக்கமிருந்து அராலிக் கடலுக்கு ஓடிவிட்டு மிச்ச மாதமெல்லாம் படுத்துக்கிடக்கும்.

இந்த மாசி மாதம் அவளுக்கு மாதிரி எடுக்கிற காலம். பை தூக்க ஆள் வேணும் என்றாள், வந்துவிட்டேன். கடல் வாசலில் தொடங்கித் தண்ணி வந்த வழியே மேலேறிக் காட்டுக்குள் போவதுதான் எங்கள் பயணம்.

பின்னேரம் வெள்ளவத்தை வாய்க்கால் கடலில் விழும் இடத்துக்குப் போனோம். ரெயில் பாலத்தின் கீழால் கறுத்த தண்ணி மெதுவாக வருகிறது. அலை கொண்டுவந்து போட்ட மணல் வாயைப் பாதி அடைத்திருந்தது. இரண்டு கொக்கு. மதிலோரம் ஒரு கபரகொய்யா (நீருடும்பு), எங்களைக் கண்டும் அசையவில்லை. மணத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை; அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும்.

மருமகள் கரைந்த ஒட்சிசன் அளக்கும் மீற்றரை இறக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். பிறகு நீளப் பிடி போட்ட வலையால் அடிச்சேற்றை அள்ளி வெள்ளைத் தட்டில் கொட்டி, தண்ணி விட்டு அலசினாள். முதலில் ஒன்றுமே தெரியவில்லை. கொஞ்சநேரம் பொறுத்துப் பார்த்தால் சேற்றுக்குள்ளிருந்து சிவப்பு நூல்கள் நெளிந்துகொண்டு வருகின்றன. கடியாத ஒரு நுளம்பு வகையின் குடம்பிகள். எங்கள் இரத்தத்தில் இருக்கிற ஈமோகுளோபின்தான் அவற்றின் உடம்பிலும். ஒட்சிசன் அற்பமாக இருக்கிற சேற்றில் அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்தச் சிவப்பு. முப்பது வருசமும் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன். கண்முன்னால் நெளிகிறபோது வேறு மாதிரி இருக்கிறது.

தண்ணியின் மேற்பரப்பில் இடைக்கிடை ஒரு பெரிய வாய் வந்து காற்றை விழுங்கிவிட்டுப் போனது. ‘டேங்க் கிளீனர்’ என்று கண்ணாடித் தொட்டிக்கு வாங்குவார்களே, அந்தத் தென்னமெரிக்க மீன். வளர்ந்து தொட்டிக்குள் அடங்காமல் போனதும் யாரோ கொண்டுவந்து விட்டது, பெருகிவிட்டது. தண்ணியில் ஒட்சிசன் குறைந்தால் காற்றை விழுங்கி இரைப்பையாலேயே மூச்சு விடும். இந்த இடத்துக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி ஒரு பிராணி.

மதிலில் சாய்ந்து நின்ற ஒருவர் கேட்டார்: “தங்கச்சி, கானுக்குள்ள என்ன தேடுறியள்?”

கான் என்றால் கழிவுநீர் ஓடும் வடிகால். நானும் சிரித்துக்கொண்டு, “இந்தக் கானுக்கே இவ்வளவு ஆயுதம்?” என்றேன்.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. வலையை உதறிக்கொண்டே சொன்னாள்: “கான் எண்டு சொல்லாதேங்கோ மாமா. கான் எண்டு பேர் வைச்சாப் பிறகு அதுக்குள்ள எதையும் கொட்டலாம். ஆறு எண்டு சொல்லிப் பாருங்கோ, கொட்ட வாற கை கொஞ்சம் நிக்கும்.”

அவருக்கு மட்டுமல்ல, எனக்கும்தான் அது. பேசாமல் தட்டைக் கழுவினேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு புள்ளித்திட்டம் பற்றிச் சொன்னாள். பிரித்தானியாவில் 1970களில் தொடங்கியது. தண்ணியில் அகப்படும் ஒவ்வொரு பூச்சிக் குடும்பத்துக்கும் 1 தொடக்கம் 10 வரை புள்ளி. அழுக்கைத் துளியும் பொறுக்காத மேஃப்ளைக் குடும்பங்களுக்கு 10. இன்று பார்த்த சிவப்புப் புழுவுக்கு 2. மண்புழுவின் நீர்வாழ் உறவினருக்கு 1. எல்லாவற்றையும் கூட்டினால் ஓடையின் புள்ளி. “மீற்றர் இந்த நிமிசத்தைத்தான் சொல்லும் மாமா. புழு போன மாசம் என்ன நடந்தது எண்டும் சொல்லும்.” ஆனால் அந்த நாட்டுப் பட்டியலை அப்படியே இங்கே போடக்கூடாதாம், எங்கள் ஓடைகளின் குடும்பங்கள் வேறு, வெப்பம் வேறு. வினாத்தாளை மாற்றாமல் புள்ளித்திட்டத்தை மட்டும் இறக்குமதி செய்தால் என்ன ஆகும் என்று எந்த வாத்தியாருக்கும் விளங்கும்.

இரண்டாம் நாள் – பெத்தகான

நேற்றுப் பார்த்த வாய்க்காலைக் கிருலப்பனைப் பக்கமாகப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால் கடைசியில் பாராளுமன்றத்தைச் சுற்றியிருக்கும் தியவன்னாவின் ஈரநிலங்களில் போய்ச் சேரலாம். வழிநெடுக இரு கரையும் கம்பிவலைக்குள் கல் அடுக்கிக் கட்டிய சுவர். வெள்ளத்தைச் சீக்கிரம் கடலுக்குத் தள்ள நல்லது. ஆனால் கரையில் ஒரு புல் முளைக்காது, மீன் ஒதுங்க ஒரு வேர் இராது.

பெத்தகான ஈரநிலப் பூங்கா 18 ஹெக்டேயர் அளவு, 2016இல் திறந்தது. பலகைப் பாதையில் நடந்துபோனால் நாணல், தாமரை, நீர்க்காகம், நீலத் தாழைக்கோழி. சேற்றில் வட்டமான கால் தடம் ஒன்றைக் காட்டி, மீன்பிடிப் பூனையாக இருக்கலாம் என்றாள். இலட்சக்கணக்கான ஆட்கள் வாழும் நகரத்துக்கு நடுவே, விரல்களுக்கிடையில் சவ்வு வைத்த ஒரு காட்டுப்பூனை இரவில் மீன் பிடிக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் கழுத்தில் பட்டி மாட்டிப் பின்தொடர்ந்திருக்கிறார்கள். மதில் ஏறி வீட்டுத் தோட்டத்து மீன்தொட்டிகளிலும் கைவைக்கிறதாம்.

இந்த இடத்தில் யாழ்ப்பாணத்தானாக எனக்கு ஒரு கதை ஞாபகம் வந்தது. 14ஆம் நூற்றாண்டில் அழகக்கோனார் என்ற அமைச்சர் இந்தச் சதுப்பை ஒட்டிய கோட்டை என்ற ஊரில் அரண் கட்டியது எங்கள் யாழ்ப்பாண அரசன் ஆரியச்சக்கரவர்த்தியின் படைக்கு எதிராகத்தான். அகழி தோண்டுகிற வேலையில் பாதியை இந்தச் சதுப்பே செய்து கொடுத்துவிட்டது. பின்னாளில் இதே கோட்டையிலிருந்து புறப்பட்டுப் போய் யாழ்ப்பாணத்தைப் பிடித்தவன் செண்பகப் பெருமாள் என்று நாங்கள் சொல்லும் சப்புமல் குமாரயா. ஆக, எங்கள் சரித்திரத்தில் இந்தச் சேற்றுக்கும் பங்கு உண்டு. மருமகள் கொட்டாவி விட்டாள்.

இந்தச் சதுப்புத்தான் மழைநீரைப் பிடித்துவைத்து மெல்ல மெல்ல விடும் பஞ்சு. நிரப்பி நிரப்பிக் கட்டடம் எழுப்பினால் தண்ணிக்கு வேறு போக்கிடம் ஏது? 2010 நவம்பரில் பாராளுமன்றத்துக்குள்ளேயே வெள்ளம் போனது. கொலன்னாவைச் சதுப்போரம் மீதொட்டமுல்லையில் மலைபோல் குவித்த குப்பை 2017 சித்திரை வருடப் பிறப்பன்று சரிந்து முப்பதுக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. அதற்கு அடுத்த வருடம், 2018இல், ராம்சார் என்ற சர்வதேச ஈரநில ஒப்பந்தத்தின் முதல் 18 ஈரநில நகரங்களில் ஒன்றாகக் கொழும்புக்கு அங்கீகாரம் கிடைத்தது. சித்திரத்தில் அதிசிறப்பு ‘டி’யும் கணிதத்தில் ‘எஃப்’பும் எடுத்த பிள்ளையின் றிப்போட் போலத்தான் எனக்குப் படுகிறது. ஆனாலும் அந்த ‘டி’ பொய்யில்லை. காலையில் அந்தப் பலகைப் பாதையில் நடந்தவன் சொல்கிறேன்.

பூங்காவின் ஒரு மூலையில் பச்சை இலையும் பளபளப்பான காயுமாக ஒரு பற்றை அடர்ந்து கிடந்தது. ஆத்தாச் (சீத்தா) செடி மாதிரி இருக்கிறதே என்றேன். அதன் உறவுதான், சிங்களத்தில் ‘வெல் ஆத்தா’. நல்ல ஆத்தாவை ஒட்டுக்கட்ட அடிமரமாகக் கொண்டுவந்தது, சதுப்பெல்லாம் பிடித்துவிட்டது. சல்வீனியாவும் இப்படித்தான்: தாவரவியல் படிப்புக்கென்று 1939இல் கொழும்புக்கு வந்த ஒரு மிதக்கும் பன்னம் நாட்டின் குளங்களை மூடியது. 1980களில் அதைத் தின்னும் சிறு வண்டை வரவழைத்து விட்டபிறகுதான் கொஞ்சம் அடங்கியது. படிப்பிக்கக் கொண்டுவந்தது என்றதும் எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் – களனிக் கரை

இன்று வெயில் கொளுத்திவிட்டது. சுருக்கமாக.

கொழும்பு குடிக்கும் தண்ணியின் பெரும்பகுதி களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுப்பது. கடலிலிருந்து ஏறத்தாழ 14 கிலோமீற்றர் மேலே. அவ்வளவு தூரத்துக்கும் கடும் கோடையில் உப்புத்தண்ணி ஏறி வந்திருக்கிறது. உப்புநீர் பாரமானது, நன்னீருக்குக் கீழே ஆப்பு மாதிரி நுழையும். ஆற்றின் அடி கடல் மட்டத்தைவிடத் தாழ்ந்தால் அந்த ஆப்புக்குத் தடையே இல்லை. அடியைத் தாழ்த்தியதில் பெரும் பங்கு மணல் அகழ்வுக்கு. வீடு கட்ட அள்ளிய மணலின் விலையில், அந்த வீட்டுக் குழாயில் வரப்போகும் உப்பை யாரும் சேர்த்துக் கணக்குப் பார்க்கவில்லை.

மணல் அள்ளிய இடத்தில் வலை போட்டோம். தட்டில் இரண்டு நத்தை, ஒரு சிறு இறால். ஆற்றின் அடியே நிலைகொள்ளாமல் இருந்தால் பூச்சி எங்கே குடியிருக்கும் என்று கேட்டாள். நான் ஓர் இளநீரைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நான்காம் நாள் – வக

இன்றைக்கு எழுத நிறைய இருக்கிறது. காலும் வலிக்கிறது.

மருதானையிலிருந்து களனிவெளி ரெயில். பழைய குறும்பாதை, பிறகு அகலமாக்கியது. நாரஹேன்பிட்டி, கிருலப்பனை, நுகேகொடை என்று வீடுகளின் அடுப்படிக்குள்ளேயே நுழைந்து வெளியே வருவது போல ஆடி ஆடிப் போகிறது. பாதுக்கை தாண்டியதும் றப்பர்த் தோட்டம், வயல், பாக்கு மரம். வகவில் இறங்கினோம். நிலையத்தில் எங்களைத் தவிர ஒரு நாய். “இதுவும் கொழும்பு மாவட்டந்தான் மாமா” என்றாள். நம்பவில்லை.

இங்கேயுள்ள ஓடைகள் வக் ஓயாவில் சேர்ந்து, அது களனியில் சேரும். பக்கத்தில் லபுகம, கலட்டுவாவ நீர்த்தேக்கங்கள். 19ஆம் நூற்றாண்டிலேயே லபுகமவிலிருந்து கொழும்புக்குக் குழாய் போட்டுவிட்டார்கள். தண்ணிக்காகக் காத்த காடு என்பதால்தான் காடு மிஞ்சியிருக்கிறது.

எங்களுக்கு வழிகாட்ட வந்தவர் றப்பர்ப் பால் வெட்டும் முதியவர். மருமகள் அவரைச் சீயா (தாத்தா) என்று கூப்பிட்டாள்; என் சிங்களம் இன்னும் கடைக்குப் போய்வரத்தான் காணும். காட்டுக்குள் நுழைந்து பத்து நிமிசத்தில் தண்ணிச் சத்தம். கண்ணாடி மாதிரித் தண்ணி, முழங்கால் ஆழம், மேலே கிளைகள் கூடி வெயிலை வடிகட்டி விட்டிருந்தன. காலை வைத்தேன். குளிர் எலும்புக்கு ஏறியது. இரண்டாவது அடியில் பாசிக்கல்லில் வழுக்கி இடுப்புவரை இருந்துவிட்டேன். வழுக்கியாற்று ஊர்க்காரனுக்கு இது வேணும்.

மாதிரி எடுக்கிற முறை எளிது: வலையின் வாயை ஓட்டத்துக்கு எதிரே பிடித்து, அதற்கு முன்னால் நின்று காலால் கற்களைக் கிளறவேணும். அடியில் ஒளிந்திருப்பதெல்லாம் ஓட்டத்தோடு வந்து வலையில் விழும். கிளறும் வேலை எனக்கு. தட்டில் கொட்டியதும் இலைத்துண்டுகளுக்கு நடுவே ஒன்று சரசரவென்று பக்கவாட்டில் ஓடியது. தட்டையான உடம்பு. மூன்று வால். வயிற்றோரம் பூக்கள் விசிறி மாதிரி அசைகின்றன.

நான் கீறிய படத்தில் அந்த அசைவு இருந்ததே இல்லை.

“பத்துப் புள்ளி மாமா” என்றாள். நான் தட்டை இறக்கி வைக்க மறந்து நின்றேன். தண்ணிக்குள் மாதக்கணக்காக வளர்ந்து, இறக்கை முளைத்தபின் ஒரு நாள், சில இனங்கள் சில மணித்தியாலம் மட்டும் பறந்து, முட்டையிட்டுச் சாகும். அந்த ஒரு நாளில் சாப்பிட வாய்கூட வேலை செய்யாது.

கல்லொன்றின் அடியில் மணலைப் பட்டுநூலால் ஒட்டி வீடு கட்டிய கடிஸ்ஃப்ளை என்ற பூச்சியின் குடம்பிகள். இலைக் குவியலுக்குள் ஒரு செந்நண்டு. இலங்கையில் நன்னீர் நண்டு ஐம்பது இனத்துக்குமேல். ஏறக்குறைய எல்லாமே உலகத்தில் வேறெங்கும் இல்லாதவை. குளிர்நாட்டு ஓடைகளில் விழுந்த இலையைக் கடித்துத் துண்டாக்கும் வேலையைப் பூச்சிகள்தான் பெரும்பாலும் செய்யும். எங்களிடம் அந்தப் பூச்சிகள் குறைவு. அதில் பெரும் பங்கு நண்டுக்கும் இறாலுக்கும். இவை கடித்துப் போட்ட தூளைக் கீழே இருப்பவை வடித்துத் தின்னும், அவற்றை மீன் தின்னும். ஓடையின் சமையல் மேலே விழுகிற இலையில் தொடங்குகிறது.

மீன்களுக்குச் சீயாதான் ஆசிரியர். நிழலில் மிதந்த சிவப்புக் குஞ்சுக் கூட்டத்தைக் காட்டி ‘லே தித்தயா’ என்றார். லே என்றால் இரத்தம். 1929இல் விலங்கியலாளர் தெரணியகல விஞ்ஞானப் பேர் வைத்தபோதும் தித்தயாவை விடாமல் சேர்த்துக்கொண்டார். செரி பார்ப் என்று உலகம் முழுக்கத் தொட்டி மீனாக விற்கிறது. அடுத்தது கறுத்த உடம்பும் செக்கச்சிவந்த முகமுமாக ஓர் ஆண் மீன்: ‘புலத் ஹப்பயா’, வெற்றிலை சப்பி. வாய் சிவக்க வெற்றிலை போட்ட எங்கள் பெரியப்பாவை அப்படியே உரித்து வைத்திருந்தது. இந்த மாதிரிச் சிறு மீன்களின் இனங்களை 2012இல் தனியாகப் பிரித்தபோது மீன் ஆய்வாளர் ரொஹான் பெத்தியாகொடவும் அவரோடு சேர்ந்தவர்களும் வைத்த பேர் ‘பெத்தியா’. அதுவும் ஊர்ச்சனம் சொல்லும் சொல்தான். மீனுக்கு மீன் பேர் வைத்துக் கூப்பிடுகிற ஊர் இது. என் ஊரில் கடல்மீனுக்கு நூறு பேர் சொல்வேன். குளத்து மீன் எல்லாம் எனக்குக் ‘குளத்து மீன்’.

‘பண்டுல பெத்தியா’ கதையைத் தண்ணிக்குள் நின்றபடியே சொன்னாள். 1991இல் விவரித்த மீன். அறிந்தவரை அதன் இயற்கை வீடு கேகாலை மாவட்டத்தில் கலபிட்டமடவில் வயலுக்கும் றப்பருக்கும் நடுவே ஓடும் ஒரு சின்ன ஓடை. பெரிய தேசியப் பூங்காவை வேலிபோட்டுக் காக்கலாம். தனியார் காணிகளுக்குள் வளைந்து போகும் ஓர் ஓடையை எப்படிக் காப்பது? அங்கே களைகொல்லி தெளிக்கும் ஒருவர் டாங்கியைக் கழுவும் ஒரு பின்னேரமே காணும்.

அதை விளங்கிக்கொள்ள நாங்கள் அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. மத்தியானத்துக்குப் பிறகு ஓடையோடு அரைமணித்தியாலம் கீழே இறங்கினோம். கரையிலிருந்த மரங்களைத் தறித்துத் தண்ணி விளிம்புவரை துப்புரவாக்கியிருந்தார்கள். அதே தண்ணிதான், இன்னும் கண்ணுக்குத் தெளிவாகத்தான் இருக்கிறது. கையை வைத்தால் குளிர் இல்லை. கற்களில் பச்சைப் பாசி படர்ந்து, இடுக்கெல்லாம் செம்மண் அடைத்திருந்தது. தண்ணி சூடேறினால் ஒட்சிசனைப் பிடித்துவைக்கும் சக்தி குறையும். மண் அடைத்தால் பூச்சிக்கு வீடு போகும். வலையில் காலையில் வந்ததில் கால்வாசி இனமும் வரவில்லை. நான்தான் கிளறினேன், காலையிலும் இதே கால்தான்.

சீயா ஏதோ சொன்னார். மருமகள் நீண்ட நேரம் பதில் சொன்னாள். பிறகு எனக்கு விளக்கினாள்: ஊர்ச் சங்கம் அடுத்த மாதம் சிரமதானம் வைக்கப்போகிறதாம், ஓடையைத் ‘துப்புரவாக்க’. பொலித்தீன், போத்தல் பொறுக்கினால் புண்ணியம். ஆனால் விழுந்த மரக்கட்டையையும் இலைக் குவியலையும் சேர்த்து இழுத்து எறிந்துவிடுவார்கள். முற்றம் கூட்டுகிற கை ஓடையையும் கூட்டிவிடும். “அது குப்பையில்லை, சாப்பாடு எண்டு சொன்னன். அவர் சிரிக்கிறார்” என்றாள்.

சீயா சிரித்தாலும் ஒரு கேள்வி கேட்டாராம்: கரையில் எவ்வளவு விடவேணும்? இரு பக்கமும் கொஞ்சம் மரம் விட்டால் போதுமா, அல்லது காட்டையே திருப்பிக் கேட்கிறாயா? அவருக்கு இருக்கிறதே அரை ஏக்கர். இந்தக் கேள்விக்கு மருமகளிடம் ஒரே மூச்சில் சொல்லும் பதில் இருக்கவில்லை. சரிவைப் பார்க்கவேணும், மண்ணைப் பார்க்கவேணும் என்று தொடங்கி, கடைசியில் கித்துள், கும்புக்கு (மருது) மாதிரி அவருக்கும் பயன் தரும் மரங்களைக் கரையில் வைப்பது பற்றி இருவரும் பேசிக்கொண்டே போனார்கள். நான் பின்னால் சப்பாத்துக்குள் ஓர் அட்டையோடு நடந்தேன். நிலையத்தில் கழற்றியபோதுதான் தெரிந்தது, அது நன்றாகச் சாப்பிட்டு முடித்திருந்தது.

ஐந்தாம் நாள் – மறுபடி வெள்ளவத்தை

பகல் முழுக்க மேசையில். அற்ககோலில் போட்டுவந்த மாதிரிகளை இடுக்கியால் பிரித்து, குடும்பம் குடும்பமாகச் சிறு குப்பிகளில் போடுவது. இதுதான் அவளுடைய ஆராய்ச்சியின் முக்கால்வாசி. ஓடையில் நிற்பது கொஞ்ச நேரம், உருப்பெருக்கியின் கீழ் குனிந்திருப்பது மாதக்கணக்கில். என் கண்ணாடி போதவில்லை. இரண்டு மணித்தியாலத்தில் முதுகு விட்டுவிட்டது. அவள் அசையவில்லை.

தேத்தண்ணி போடக் குசினிக்குப் போனேன். குழாயைத் திறந்து கேத்தலை நிரப்பியபோது நேற்றுக் காலில் பட்ட அந்தக் குளிர் ஞாபகம் வந்தது. வக் ஓயா, களனி, அம்பத்தலை, குழாய், இந்தக் கேத்தல். கோப்பை கழுவிய தண்ணி தொட்டியின் ஓட்டையால் இறங்கி எங்கே போகும் என்று அவளிடம் கேட்டேன். குப்பியிலிருந்து கண்ணை எடுக்காமல், “முதல் நாள் பார்த்தீங்களே” என்றாள்.

இரவு பஸ்ஸுக்குப் போக முன் அந்த வாய்க்கால் பாலத்தில் கொஞ்சம் நின்றேன். கபரகொய்யாவைக் காணவில்லை. வாயில் இருந்த மணலை யாரோ வெட்டி விட்டிருந்தார்கள். கறுத்த தண்ணி சத்தத்தோடு கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

மருமகள் பஸ்வரை வந்தாள். ஒரு பழைய வலையும் ஆறு குப்பிகளும் தந்தாள். குப்பிகளில் சீட்டு ஏற்கனவே எழுதி ஒட்டியிருந்தது: வழுக்கியாறு 1, வழுக்கியாறு 2, இப்படி ஆறுவரை. திகதி மட்டும் எழுதவில்லை.

“மாரி தொடங்கித் தண்ணி ஓடின மூன்றாம் கிழமை எடுங்கோ மாமா. தெல்லிப்பழையில ரெண்டு, சண்டிலிப்பாயில ரெண்டு, அராலியில ரெண்டு.”

வலையின் பிடி நீளம். பஸ்ஸில் மேல்தட்டில் வைக்க முடியவில்லை. கண்டக்டர் அதை வாங்கித் தன் இருக்கைக்குப் பின்னால் செருகிவிட்டு, கடலிலா பிடிக்கிறனீங்கள் என்று கேட்டார். இல்லை, ஆற்றில் என்றேன். யாழ்ப்பாணத்தில் எந்த ஆறு என்று அவர் கேட்பதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது.